மூன்று கை மாறிய சீட்டு

ரஃப் நோட்டின் ஓரத்தைக் கிழித்து பென்சிலில் எழுதிய சீட்டு. "12 பார்லி. அடுத்த ரவுண்டு கண்டிப்பா தரோம்." கீழே நாலு கையெழுத்து, அதில் ஒன்று இங்கிலீஷில். இதைப் பார்த்த பிறகு பண்டமாற்றுப் பாடத்தைப் பழையபடி நடத்த எனக்கு வாய் வரவில்லை.

ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். வரலாற்றுப் பக்கம் பழைய நாகரிகங்கள், பொருளியல் பக்கம் பண்டமாற்று. இரண்டையும் சேர்த்து இரண்டு பீரியடுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். காலம், இன்றைக்குச் சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன். வகுப்பு ஐந்து குழு. சுமேரியாவின், அதாவது இன்றைய தெற்கு ஈராக்கின், 'ஊர்' என்ற நகரம். செம்பு கிடைக்கும் மாகன், அதாவது இன்றைய ஓமன் பக்கம். கப்பல்கள் வந்து தங்கிப்போகும் தில்முன், இன்றைய பஹ்ரைன். நீலக்கல் வெட்டும் படக்சான், ஆப்கானிஸ்தானின் மலைப்பகுதி. அப்புறம் மெலுஹா. சுமேரியர்கள் அந்தப் பெயரில் சொன்னது நம் சிந்துவெளியைத்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ("எந்த ஊரு டீச்சர்?" "ஊர்தான்டா." இதற்கே ஐந்து நிமிஷம் போனது. கமெண்ட்டில் யாரும் சுமேரியரும் தமிழரே என்று ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.)

பார்லிக்குப் புளியங்கொட்டை, செம்புக்கு சோடா மூடி, மெலுஹாவின் சிவப்பு மணிக்கு மஞ்சாடி விதை. ஒவ்வொரு ரவுண்டிலும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை "சாப்பிட" வேண்டும். ஊர் நகரத்தில் வண்டல் மண்ணும் பார்லியும் உண்டு, உலோகமோ நல்ல மரமோ கிடையாது. அதனால் ரவுண்டுக்கு மூன்று செம்பாவது அவர்கள் வாங்கியாக வேண்டும். மெலுஹாக்காரர்கள் பார்லிக்காக யாரிடமும் கையேந்தியதில்லை, அவர்கள் நிலத்திலேயே கோதுமையும் பார்லியும் விளைந்தன. அவர்களுக்கும் வெளியிலிருந்து பார்லி வேண்டும் என்பது விளையாட்டுக்காக நான் சொன்ன பொய்.

முதல் சண்டை அளவில் வந்தது. எண்ணிக்கொடுக்கப் பொறுமையில்லாமல் பிடிக்கணக்கில் விற்றார்கள். வாங்குகிறவன் கை பெரிது, விற்கிறவள் கை சிறிது. கடைசியில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் மூடி படியாகிப் போனது. அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, சிந்துவெளியின் கனசதுரக் கல் எடைகளைப் போர்டில் வரைந்தேன். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகிறவை, அதே வகை எடைகள் பஹ்ரைனிலும் கிடைத்திருக்கின்றன என்றேன். வேறொரு நாள் சொல்லியிருந்தால் இதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது சண்டை துருப்பிடித்து நசுங்கிய சோடா மூடிகளால். அதற்கு என் கையில் ஒரு கடிதமே இருந்தது. கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர் ஏஆ-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்குக் களிமண் பலகையில் அனுப்பிய புகார். மட்டமான செம்பைக் காட்டினாய், நான் அனுப்பிய ஆளை அவமதித்தாய், இனி என் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் எடுப்பேன் என்று போகிறது. ஊர் நகரில் கிடைத்த அந்தப் பலகை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. "இவனும் ஏஆ-நாசிர்தான் டீச்சர்" என்று ஒருத்தி கை நீட்டினாள். அந்தப் பையனுக்கு இன்றுவரை அதுதான் பட்டப்பெயர்.

மூன்றாவது ரவுண்டில் தாயக்கட்டையை உருட்டினேன், தாயம் விழுந்தால் ஆற்றில் வெள்ளம் என்று. விழுந்தது. ஊர் குழுவின் பார்லி போயிற்று. இந்த இடத்துக்குத்தான் காத்திருந்தேன். பாடப்படி இப்போது வியாபாரம் முடங்க வேண்டும், பிள்ளைகள் திணற வேண்டும், நான் போய் "அதனால்தான் மக்கள் பணத்தைக் கண்டுபிடித்தார்கள்" என்று முடிக்க வேண்டும்.

யாரும் திணறவில்லை. ஒரு நிமிஷத்தில் சீட்டு எழுதிவிட்டார்கள். ஊர் அதை மாகனிடம் கொடுத்து செம்பு வாங்கியது. மாகன் அதே சீட்டை மெலுஹாவிடம் கொடுத்து மணி வாங்கியது. மெலுஹா அதைக் கப்பல் கூலியாகத் தில்முனிடம் தள்ளிவிட்டது. தெருவில் கைமாத்தும் மளிகைக்கடைக் கணக்கு நோட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் பண்டமாற்று, அது சரிப்படாமல் பணம், பிறகு கடன் என்ற வரிசை 1776இல் ஆடம் ஸ்மித் எழுதிப் பரவியது. அப்படிப் பண்டமாற்றை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்தைக்கூட யாரும் பதிவு செய்ததில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985லேயே எழுதிவிட்டார். சுமேரியாவில் எழுத்து தொடங்கியதே கணக்கு வைக்கத்தான். யாருக்கு எவ்வளவு பார்லி, யார் எவ்வளவு பாக்கி என்று பலகை பலகையாக எழுதினார்கள். நாணயம் அச்சடித்தது அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, இன்றைய துருக்கிப் பக்கம் இருந்த லிடியாவில். இதை நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டும் வருஷா வருஷம் பழைய வரிசையையே நடத்தினேன், பரீட்சையில் அதைத்தானே கேட்கிறார்கள் என்று.

இப்படி விளையாட்டு வைக்கிற நண்பர்கள் பலர் ஆரம்பத்திலேயே பொம்மை நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது விடையை முதலிலேயே சொல்லிவிடுவது மாதிரி. ஏமாற்றினால் தடுக்கிறார்கள், எல்லாக் குழுவுக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏமாற்றும் ஏற்றத்தாழ்வும் இல்லாவிட்டால் படி எதற்கு, சீட்டு எதற்கு?

தில்முன் குழு சும்மா இருக்கவில்லை. கப்பல் கூலியில் சேர்த்ததைக் கடன் விட ஆரம்பித்தார்கள், பத்துக்குப் பதினைந்து. பாபிலோன் அரசன் ஹம்முராபி காலத்தில்கூட பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கும் வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கும்தான் வட்டி. சுமேரிய மொழியில் வட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சொல், மாஷ். வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வதை நினைத்து அன்று ராத்திரி தனியாகச் சிரித்தேன்.

ஐந்தாவது ரவுண்டில் ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு குழு முழுக்கக் கடனில். விளையாட மாட்டோம் என்று கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "கூட்டுறவு சொசைட்டில எங்கப்பாவுக்குத் தள்ளுபடி பண்ணாங்களே, அப்படிப் பண்ணிடுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. 2021இல் இங்கே பயிர்க்கடன் தள்ளுபடியானதை வீட்டில் பேசக் கேட்டிருக்கிறாள். பாபிலோனிய அரசர்களும் செய்திருக்கிறார்கள், அம்மிசதுகா என்ற அரசனின் ஆணை இன்றும் கிடைக்கிறது என்றேன். உடனே தில்முன் தலைவன் எழுந்து, "அவங்க சாப்பாட்டுக்கு வாங்கல டீச்சர், வியாபாரத்துக்கு வாங்கினாங்க, அதெப்படித் தள்ளுபடி?" என்றான். அந்த ஆணையிலும் வியாபார முதலுக்குத் தள்ளுபடி கிடையாது. பதினோரு வயசுப் பையன்! நான் வாயடைத்து நிற்கும்போது பெல் அடித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் தாங்கவில்லை என்று ஏற்கெனவே ஆள் வந்து போயிருந்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் அதே பையன், கையில் சீட்டு. "ஊர் டீம்ல பார்லியே இல்லையாம் டீச்சர். வறுத்துத் தின்னுட்டாங்க. இப்ப இதை யார்கிட்டக் கேக்குறது?"