யாரிடமாவது 1.27 மில்லிமீட்டர் ஆலன் கீ, அதுதான் அந்த ஆறுமூலைத் திருகுச் சாவி, இருக்கிறதா?

“ரெண்டு ஸ்க்ரூவைத் திருகினா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷ வேலை” என்று சொல்லும் மகராசன் யாராவது இருந்தால், இந்தக் கத்திரி வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில், சத்துவாச்சாரியில் என் மாடி அறைக்கு வந்து அந்த அஞ்சு நிமிஷத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும். எனக்கு இது மூன்றாவது நாள். என் கிட்டாரின் ஜி ஸ்ட்ரிங் இன்னும் தகர டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரிதான் இரைகிறது.

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த ஸ்ட்ராட், அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார். ட்ரெமோலோ பிரிட்ஜ் வைத்தது, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜை அசைக்க ஒரு கைப்பிடி இருக்கும். ஆறு ஸ்ட்ரிங்குக்கு ஆறு சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் குட்டித் துண்டு), ஒவ்வொரு சேடிலையும் ஏற்றி இறக்க இரண்டு தலையில்லாத குட்டி ஸ்க்ரூ, ஆகப் பன்னிரண்டு. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோதே இந்த ஏற்பாடுதான். (அந்தக் கைப்பிடியை அமுக்கினால் அசைவது சுருதி, அதற்குப் பெயர் வைப்ராட்டோ. சத்தம் கூடிக் குறைவதுதான் ட்ரெமோலோ. பெயரையே மாற்றி வைத்தவர்களிடம் ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டு என்ன பயன்.)

போன மாதம் வெளியூரில் ஒரு கடையில் செட்டப் செய்ய, அதாவது ஸ்ட்ரிங் உயரத்தையெல்லாம் சரிபார்க்க, கொடுத்தேன், தொள்ளாயிரம் ரூபாய். அந்தப் புண்ணியவான் ஆறு சேடிலையும் ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி ஒரே மட்டத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். விரல் வைத்து அமுக்கும் ஃபிங்கர்போர்டு தட்டையான பலகையா? 9.5 அங்குல ஆரத்தில் வளைந்திருக்கிறது, நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. ஸ்ட்ரிங்குகளும் அந்த வளைவிலேயே போக வேண்டாமா? மட்டமாக வைத்தால் நடுவில் இருக்கும் டி-யும் ஜி-யும் ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டின் குறுக்குக் கம்பி) உரசத்தான் செய்யும். இது கூடத் தெரியாமல் தொள்ளாயிரம்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வந்தது வினை. என்னுடையதில் இருக்கும் அமெரிக்க அளவு ஸ்க்ரூவின் அறுகோணக் குழி 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவு என்றால் 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லாங்கு பஜாரில் நாலு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன், எல்லா செட்டும் 1.5-இல்தான் ஆரம்பிக்கிறது. “அதுக்குக் கீழ யாரும் கேக்கமாட்டாங்க தம்பி” என்றார் ஒருத்தர், ஏதோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. காட்பாடியில் தெரிந்த லேத் பட்டறைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டே போனேன். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். “இன்னாபா இது, கொசு மூக்காட்டம் கீது. இத்துக்கு ஆறு மூல வேறயா?” அவரிடம் இருந்ததிலேயே சின்ன கீ என் சுண்டுவிரல் பருமன்.

கடைசியில் வழி சொன்னது மொபைல் சர்வீஸ் கடைப் பையன். அவனுடைய பிட் செட்டில் 1.3 இருந்தது. கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் உள்ளே போயிற்று. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழலாமா என்றிருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் பத்து நிமிஷம். ஸ்க்ரூக்கள் அசையவில்லை. பாம் மியூட் செய்ய, அதாவது வாசிக்கும்போதே ஓசையை அமுக்க, உள்ளங்கையை எங்கே வைப்போம்? நேராக சேடில் மேல். வேலூர் மே மாதத்தில் உள்ளங்கையிலிருந்து சொட்டுவது வேர்வையா உப்புத் தண்ணீரா தெரியாது, பன்னிரண்டு குழியிலும் செங்காவி நிறத்தில் துரு. அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயைக் குச்சியில் தொட்டுத் தொட்டு வைத்து, ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டுத் திருகினால் பதினொன்று அசைந்தன. பன்னிரண்டாவது, ஜி சேடிலின் ஓர ஸ்க்ரூ, வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அறுகோணமே இல்லை, வட்டமாகிக் கிடக்கிறது. கடைக்காரர் பொருந்தாத எதையோ விட்டுக் கடைந்திருக்கிறார்! ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றினால் சேடில் சாய்ந்து பக்கத்துச் சேடில் மேல் படுத்துக்கொள்கிறது. வேறு ஸ்க்ரூ போடலாம் என்றால் பஜாரில் கிடைப்பது மெட்ரிக் எம்3, இதன் மரையோ அமெரிக்க 4-40. ஏறாது. அதற்கு முதலில் பழையது வெளியே வர வேண்டுமே.

அந்த ஒன்றை விடுங்கள், அசைந்த பதினொன்றும் லேசில் விட்டதா? இந்தப் பிரிட்ஜ் மிதப்பது. முன்னால் ஆறு ஸ்ட்ரிங் இழுக்க, பின்னால் குழிக்குள் மூன்று ஸ்ப்ரிங் இழுக்க, தராசு மாதிரி நடுவில் நிற்கிறது. டி-யின் சேடிலைக் கொஞ்சம் ஏற்றினால் அதன் இழுப்பு கூடி, பிரிட்ஜ் ஒரு மயிரிழை முன்னால் சாய்ந்து, மற்ற ஐந்தும் சுருதி இறங்கிவிடும். கல்யாண வீட்டில் பெரியப்பாவைச் சமாதானம் செய்தால் சித்தப்பா முறுக்கிக்கொள்வாரே, அதே கதை. அந்த ஐந்தின் சுருதியையும் ஏற்றினால் டி இறங்கியிருக்கும். மறுபடி ட்யூன், மறுபடி 17-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவு. ஃபெண்டர் கணக்குப்படி அங்கே 4/64 அங்குலம், ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றுப் பிளாஸ்டிக் இருக்கிறது, அதை வைத்து 1.6-ஐ எங்கே போய்ப் பார்ப்பது? பைக் மெக்கானிக்கிடம் டேப்பட் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை, அந்த மெல்லிய தகட்டுக் கட்டை, கடன் வாங்கி, தகட்டை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி அளந்தேன். அதை வாங்கப் போனதில் ஒரு மணி நேரம், டீ வேறு.

இதில் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற வேறு வகை ட்ரெமோலோ பிரிட்ஜ் வைத்திருக்கும் நண்பன் ஒருத்தன் சிரிக்கிறான். “அதான் மச்சான், நான் அந்தப் பக்கமே போறதில்ல.” டேய், உன்னுடையதில் ஒவ்வொரு சேடிலுக்கும் ஏற்றி இறக்க ஸ்க்ரூவே கிடையாது. மொத்த பிரிட்ஜும் இரண்டு தூணில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் ஏற்ற மெல்லிய தகடு வெட்டி அடியில் சொருக வேண்டும். நீ சிரி.

வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டி எங்களுக்கு ஒரு கச்சேரி, இன்னும் நாலு நாள். நேற்று அந்தக் கடைக்கு போன் போட்டு, ஸ்க்ரூ கடைந்துபோயிருக்கிறது என்று பொறுமையாகத்தான் சொன்னேன். “நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சுண்ணா, உங்க ஊரு வெயில்ல விரிஞ்சிருக்கும்” என்றார்.