விழாப் பணத்தை எடிட்டருக்குக் கொடுங்கள்

சொந்தமாகப் புத்தகம் போடப்போகும் நண்பர்கள் அடிக்கடி இன்பாக்ஸில் வருகிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வெளியீட்டு விழாவை எங்கே வைக்கலாம், யாரைப் பேசக் கூப்பிடலாம்? எழுதியதை யார் படித்துப் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்டால், வீட்டில் படித்தார்கள், ஆபீஸ் நண்பர் படித்துவிட்டு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னார் என்று பதில் வரும். எடிட்டர்? அதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லை சார் என்பார்கள்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்ஜெட் இருக்கிறது. மண்டப வாடகை, ஃப்ளெக்ஸ், அழைப்பிதழ், பொன்னாடை, வீடியோ, வருகிறவர்களுக்கு டிபன் காபி என்று ஒரு சாதாரண விழாவுக்கே 20,000, 25,000 ரூபாய் போய்விடுகிறது. மேடையில் பேசுகிற நான்கு பேரில் புத்தகத்தை முழுசாகப் படித்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அன்றைக்கு வாங்குகிறவர்கள் சொந்தக்காரர்கள். அவர்களின் அன்பு உண்மையானது, ஆனால் அந்தப் பிரதிகளில் முக்கால்வாசி திறக்கப்படுவதே இல்லை. அதே பணத்தில் 200 பக்க நாவல் ஒன்றுக்கு எடிட்டிங்கும் மெய்ப்பும் (புரூஃப் பார்ப்பது) முடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

எடிட்டர் செய்வது ஒற்றுப்பிழை பார்க்கிற வேலை இல்லை. நான் கோவை லேத் பட்டறைகளைப் பின்னணியாக வைத்து நாவல் எழுதியபோது, என் எடிட்டர் முதல் இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிடச் சொன்னார். அதில் நாயகனின் தாத்தா காலத்திலிருந்து குடும்ப வரலாறு இருந்தது. கதை மூன்றாவது அத்தியாயத்தில், பட்டறையில் கரண்ட் போன ராத்திரியில்தான் ஆரம்பிக்கிறது என்றார். 2008-க்கு அப்புறம் வந்த மின்வெட்டு கோவையின் சிறுதொழிலை எப்படி முறித்துப் போட்டது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவரோடு நன்றாகவே சண்டை போட்டேன், கடைசியில் எடுத்தேன். 48 பக்கம் போனது. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சுக் கணக்கில் அது மூன்று ஃபாரம். ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் காகிதமும் கூலியும் மிச்சம், எடிட்டிங் செலவில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கு வாசகர்கள் என்னிடம் பேசுவதெல்லாம் அந்த ராத்திரியைப் பற்றித்தான்.

மெய்ப்பு தனி வேலை. அதைத் தனி ஆளிடம் கொடுங்கள். யூனிகோடில் எழுதியது லேஅவுட்டுக்காக, அதாவது பக்க வடிவமைப்புக்காக, பழைய எழுத்துருவுக்கு மாறும்போது எழுத்து உடையும், ஒற்று தொலையும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் லேஅவுட் முடிந்தபின் இன்னொரு முறை, தாளில் எடுத்துப் படிக்கவேண்டும். திரையில் படிக்கிற கண்ணுக்குத் தப்புவது தாளில் மாட்டும்.

அப்புறம் இந்த 'பேக்கேஜ்' விவகாரம். புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று வருகிற சில நிறுவனங்கள் புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று தனியாக ஒரு தொகை போடுகின்றன. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படிக் கட்டியிருக்கிறார். கேட்டபோது வயிறு எரிந்தது. இந்தியாவில் அந்த எண் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தம் என்று எதை நீட்டினாலும் பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, லேஅவுட் செய்த கோப்பை உங்களுக்குத் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

எத்தனை பிரதி? முதலில் 100 போதும். ஆஃப்செட் அச்சில் மொத்தமாக 1,000 அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்பது உண்மை. ஆனால் விற்காத 700 பிரதி பரணில் கிடந்தால் அந்தச் சேமிப்புக்கு என்ன அர்த்தம்? தேவைப்படும்போது மட்டும் அடிக்கிற பிரிண்ட் ஆன் டிமாண்டில் பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஆகட்டும். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், நடுவில் கண்ணில் பட்ட பிழையையும் திருத்தலாம்.

விற்பனைக்கு வருவோம். தன் புத்தகத்தைத் தானே விற்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் நம் எழுத்தாளர்களிடம் இன்னும் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம், அதாவது சந்தா, வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். பாரதி 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதி, தன் நூல்களை ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடக் கடன் கேட்டார். அந்தத் திட்டம் நிறைவேறாமலே அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர்களே கேட்டிருக்கும்போது, வாட்ஸ்ஆப்பில் முன்பதிவு அறிவிப்புப் போட நமக்கு என்ன கூச்சம்?

ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். இலக்கிய நண்பர்கள் எல்லாருமே ஏதோ ஒரு புத்தகத்தை விற்றுக்கொண்டிருப்பவர்கள்தான். என் நாவலின் முதல் வாசகர்களை நான் கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிப் பட்டறைக்காரர்களிடம் கண்டேன். ஒரு அத்தியாயத்தை ஆடியோவாகப் படித்து அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோம். பல வருஷமாக நாவலே படிக்காதவர்கள் போன் செய்தார்கள். ஒருவர் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஆயுத பூஜைக்கு ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுத்தார். நீங்கள் நெசவைப் பற்றி எழுதியிருந்தால் தறிக்காரர்களிடம் போங்கள், நர்ஸ் வாழ்க்கையை எழுதியிருந்தால் நர்ஸ்களிடம் போங்கள். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோவது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலும் உதவும். தமிழில் நாமே நேரடியாக ஏற்ற முடிகிறது. அதிலுள்ள 'செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் வைக்கக்கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை.

தபால் செலவு நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பாரம். புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்காக 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்தது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. 200 பக்க டெமி அளவுப் புத்தகம் அந்த எடைக்குள் அடங்கும். உங்கள் நூலை அதில் ஏற்றுக்கொள்வார்களா என்று அஞ்சலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கதைப் புத்தகங்களுக்கும் சந்தேகமில்லாமல் இது பொருந்தும் என்று அஞ்சல் துறை தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் அமைப்புகள் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

விழாவே கூடாது என்று சொல்லவில்லை. புத்தகம் வந்து மூன்று நான்கு மாதம் கழித்து, படித்தவர்களை மட்டும் ஒரு நூலக அறையில் கூப்பிட்டு உட்காருங்கள். டீயும் வடையும் போதும், பேச்சு தானாக வரும்.

இன்னொரு விஷயம். எடிட்டர் பெயரையும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் புத்தகத்தின் விவரப் பக்கத்தில் அச்சிடுங்கள். தமிழில் இந்த வேலையை நன்றாகச் செய்கிற பலர் வெளியே தெரியாமலே இருக்கிறார்கள், குறைந்த கூலிக்கு உழைக்கிறார்கள். பெயர் அச்சில் வந்தால்தான் அடுத்த புத்தகம் போடுகிறவர் அவர்களைத் தேடிப்போய் நியாயமான தொகை கொடுத்து வேலை கேட்பார்.