எட்டாம் நம்பர் லயம், ஐந்தாவது காம்பரா

ஒவ்வொரு வருடமும் எங்கள் பாடசாலையில் தரம் 1க்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, சேர்வு இடாப்பில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் நிரப்புவது என் வேலை. முதல் பிள்ளைக்கு மட்டும் முகவரியை முழுதாக எழுதுவேன். தோட்டத்தின் பெயர், மேல்பிரிவு, தலவாக்கலை. அப்புறம் கீழே வரிசையாக இரண்டு சின்னக் கோடுகள் போட்டுக்கொண்டே போவேன், மேலே உள்ளதேதான் என்பதற்கு. 27 பிள்ளைகள், 27 வீடுகள், எல்லாருக்கும் ஒரே முகவரி. பதினைந்து வருடமாக இப்படித்தான் செய்துவந்தேன். இந்தியாவில் நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரிக்குப் போய்வந்த பிறகு அந்தக் கோட்டைப் போட எனக்குக் கை வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதில் ஒரு குடும்பம் இருக்கும் அறைதான் காம்பரா. நான் வளர்ந்த லயத்துக்குத் தபால்காரர் வந்து நான் பார்த்ததில்லை. தபால் கந்தோரில் இருந்து தோட்டத்து ஆள் ஒருவர் எல்லாக் கடிதங்களையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு வருவார். அது தோட்டத்து ஆபீஸுக்குப் போகும். அங்கே பிரித்து, காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு வேலைக்கு வராதவருடைய கடிதத்தைப் பக்கத்துக் காம்பரா ஆள் யாராவது வாங்கி மடியில் செருகிக்கொள்வார். மலைக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, மழையில் நனைந்து, அந்தி நேரத்தில் அது வீடு வந்து சேர்ந்தால் நம் அதிர்ஷ்டம்.

என் அப்பாவின் தங்கை, என் அத்தை, 1973இல் இந்தியாவுக்குப் போனார். 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இப்படி வந்தது: அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தார், அத்தையைக் கட்டியவர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதியிருந்தார், அப்பாவின் அம்மாவான அப்பாயிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான் கிடைத்தது. அப்பாயி மகளோடு கிளம்பிவிட்டார். தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் அப்பாயி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடியே போனதாக அப்பா சொல்லுவார். பொல்கஹவெல, அனுராதபுரம், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம். இங்கே பறித்த அதே கொழுந்தை அங்கே போய்ப் பறித்தார்கள்.

1987இல் எனக்கு ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காம்பரா மாமா அவர் தலையை மழித்துக்கொண்டிருந்தார். குளிர் தாங்காமல் அப்பாவின் தோள்பட்டை நடுங்கியது. மழித்த முடி பீலித் தண்ணீரோடு கானில் ஓடியது. நான் கிட்டப் போனதும், "ஒங்க அப்பாயி செத்துப்போச்சு" என்றார். அப்பாயி செத்து அப்போது 53 நாள் ஆகியிருந்தது. கருமாதியெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அத்தை மறுநாளே கடிதம் போட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்தில் அப்பாவின் பெயரிலேயே நான்கு பேர் இருந்தார்கள். கடிதம் கீழ்ப்பிரிவில் இருந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது காட்டலாம் என்று கூரைத் தகரத்துக்கு இடையில் செருகி வைத்தவர் மறந்துபோனார். மழைக்கு ஒழுகி, தகரத்தை மாற்ற ஏறியவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள். அவர் மீது அப்பா ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. "அவரு என்னா பண்ணுவாரு, கவர்ல என் பேருதானே இருந்துச்சு, வீடு எங்க இருந்துச்சு" என்பார்.

அதற்குப் பிறகு அத்தையிடமிருந்து கடிதங்கள் குறைந்து, 1992 வாக்கில் நின்றே போயின. தங்கச்சிக்குத் தன் மேல் மனத்தாங்கல் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அம்மா செத்ததற்கு வரவில்லை, உடனே பதிலும் போடவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பினார். போகலாம் என்றாலும் 1984இலேயே கப்பல் நின்றுவிட்டது. விமானத்துக்கு அப்பா எங்கே போவார்? தீபாவளிக்குப் படையல் போடும்போது மட்டும் அத்தை பெயரை எடுப்பார்.

அப்பா 2023 நவம்பரில் இறந்தார். நெஞ்சுவலி என்று இரவு பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம். எந்த லயம், எந்தப் பாதை என்று விளக்கி முடிப்பதற்குள் என் தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி கீழ்ப்பிரிவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. தம்பி டார்ச் லைட்டோடு ரோட்டு முனையில் மழையில் நின்றான். வந்தவர்கள் நல்ல மனிதர்கள், அவர்களும் இருட்டில் எங்களைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அப்பா விடியற்காலை போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அத்தையின் பழைய கவர் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் அனுப்புநர் என்று போட்டு, கதவு எண், தெரு, ஊர், கோத்தகிரி, பின்கோடு எல்லாம் சுத்தமான எழுத்தில் இருந்தது. யாரோ பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதவைத்திருக்க வேண்டும். அந்தக் கவரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2024 ஏப்ரல் விடுமுறையில் கிளம்பினேன். சென்னை போய், அங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அப்புறம் பஸ்ஸில் மலை ஏற்றம். வளைவுக்கு வளைவு தேயிலை தெரியத் தெரிய, நான் எங்கும் போகவில்லை, ஹட்டனில் இருந்து வீட்டுக்குத்தான் போகிறேன் என்று தோன்றியது.

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் கவரைக் காட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பேரனைக் கூப்பிட்டு, "இந்த நம்பர் வீட்டுல கொண்டுபோய் விடு" என்றார். பத்து நிமிடத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன் நின்றேன். நிலைக்கு மேலே வெள்ளைப் பெயின்டில் கதவு எண். முப்பது வருடத்துக்கு மேல் பழைய கவரில் இருந்த அதே எண். கதவு திறந்திருந்தது. உள்ளே 76 வயது அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே அப்பா. நான் இன்னார் மகள் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைக்காமலே எழுந்தார். அரிசி முழுக்கக் கொட்டிவிட்டது.

நான் அங்கே ஐந்து நாள் இருந்தேன். இரண்டாம் நாள் இரவுதான் அத்தை அதைக் கேட்டார். "அண்ணனுக்கு ஏன் தாயி எம்மேல அவ்வளவு கோவம்? அம்மா செத்ததுக்கு அப்புறம் வருசம் தவறாம பொங்கலுக்கு ஒரு காயிதம் போட்டேனே. பத்து வருசம் போட்டேன். ரெண்டு மூணுக்குத்தான் பதில் வந்துச்சு. அப்புறம் வேணாங்கிற ஆளுக்கு எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன்."

இரண்டு மலைகளில் அண்ணனும் தங்கையும் முப்பது வருடம், மற்றவருக்குத்தான் கோபம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறார்கள். அந்த இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. அந்தக் கடிதங்கள் எல்லாம் எந்த மேசை அடியில், எந்தக் கூரை இடுக்கில் கிடந்து மக்கினவோ.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறதே, கடிதம் யார் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பேங்க் கடிதம் தபாலில்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தபாலில்தான் வருகிறது. நீதிமன்றத்து அழைப்பும் அப்படித்தான். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு வேலைக்கான நேர்முகக் கடிதம், அந்தத் தேதி கழிந்து மூன்றாம் நாள் கைக்கு வந்தது. இப்போது அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது இது.

உள்ளூராட்சிச் சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் வந்து செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இனி என்ன தடை? தனி வீடும் காணி உறுதியும் நம் உரிமை, அதற்கான போராட்டம் தொடரட்டும். அது வரும் வரைக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு நேராக வந்து கடிதம் கொடுக்கும் ஒரு தபால்காரர். இதற்கு ஒரு டின் பெயின்டும் மனமும் போதும். தேர்தலுக்கு வருகிறவர்களிடம் கூரைத் தகரம் கேட்கிறோம், கோயிலுக்கு மணி கேட்கிறோம். இதையும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கோத்தகிரியில் இருந்து கிளம்பும் அன்று, அத்தை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை நீட்டி என் முகவரியை எழுதித்தரச் சொன்னார். பழக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதினேன். பேத்தி அதை வாசித்துக் காட்டியதும் அத்தை என்னைப் பார்த்தார். "இதுல ஒன் வீடு எங்க இருக்கு தாயி?"

இந்த வருடம் இடாப்பில் கோடு போடவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிறுத்தி, எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று கேட்டு எழுதினேன். முகவரிக் கட்டம் சின்னது, எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. ஒரு பையனுக்கு எண்ணத் தெரியவில்லை. "பீலிக்குப் பக்கத்துல, பச்சைக் கதவு டீச்சர்" என்றான். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். 27 பேருக்கும் எழுதி முடிக்கும்போது மணி இரண்டு ஆகிவிட்டது.