அஞ்சல் எதுவும் தொலையவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்

எங்கள் அலுவலகத்தின் அஞ்சல் சர்வர் மென்பொருளை ஒரு வார இறுதியில் மாற்றிவிட்டு, திங்கள்கிழமை காலையில் கணினிப் பிரிவினர் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினார்கள். மாற்றம் வெற்றிகரமாக முடிந்தது என்றும், அஞ்சல் எதுவும் தொலையவில்லை என்றும், பயனர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்றும் அதில் எழுதியிருந்தது. படித்து முடித்து இன்பாக்ஸைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஒன்பது ஆண்டுக் கடிதங்கள் அத்தனையும் படிக்காதவையாகத் தடித்த எழுத்தில் நின்றன. பதில் எழுதியாயிற்று என்று காட்டும் அம்புக்குறி ஒன்றில்கூட இல்லை. அந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று நட்சத்திரமிட்டு வைத்திருந்தவை எவை என்று எனக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு, எல்லாக் கடிதங்களும் முந்தைய சனிக்கிழமை இரவில் வந்து சேர்ந்தவையாகக் கைபேசி காட்டியது.

முறையிட்டபோது, "கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன அல்லவா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

இருக்கின்றன. அலமாரியில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்த கோப்புகளை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிட்டு, ஒரு தாளும் குறையவில்லை என்று சொன்னால் அதை எந்த எழுத்தராவது ஒப்புக்கொள்வாரா? கடிதத்தைப் படித்தேனா, பதில் எழுதினேனா, அது எப்போது வந்தது, எங்கே வைத்தேன் என்பவை எல்லாம் சேர்ந்ததுதான் என் அஞ்சல். அவற்றை உதிர்த்துவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் நகலெடுத்துத் தந்துவிட்டு, எதுவும் தொலையவில்லை என்று சொல்வது பொய்.

இது தவிர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கலும் கிடையாது. அதுதான் என் கோபத்தை இரட்டிப்பாக்குகிறது. அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் பல கருவிகளிலிருந்து படிக்க உதவும் ஐமேப் (IMAP) நெறிமுறையில், படித்தது, பதிலளித்தது, கொடியிட்டது முதலிய குறிகளும், கடிதம் சர்வரை வந்தடைந்த தேதியும் கடிதத்தின் உடலுக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு கடிதத்தைப் புதிய சர்வரில் ஏற்றும் கட்டளையிலேயே குறிகளையும் தேதியையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இடம் உண்டு. 1996-இல் வெளிவந்த ஐமேப் வரையறையிலேயே அது இருக்கிறது. கொடுக்காவிட்டால், ஏற்றப்பட்ட நேரத்தையே வந்த நேரமாகச் சர்வர் எழுதிக்கொள்ளும். ஐமேப்சிங்க் போன்ற இடமாற்றக் கருவிகளால் இந்த இரண்டையும் கொண்டுபோக முடியும். ஒரே ஒருவருடைய கணக்கை முதலில் மாற்றி, அவரை உட்காரவைத்து "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும் குறை இது. எத்தனை கடிதங்கள், எத்தனை ஜிகாபைட் என்று எண்ணிப் பார்த்தவர்கள், பயன்படுத்துகிறவரின் கண்ணால் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

கோப்புறைகளின் கதை வேறு. பழைய மென்பொருள் எல்லாக் கோப்புறைகளையும் இன்பாக்ஸுக்குள் அடுக்கியிருந்தது. புதியது இன்பாக்ஸுக்குப் பக்கத்தில் அடுக்குகிறது. அனுப்பியவை என்ற பெயரில் இப்போது இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. கைபேசியிலிருந்து அனுப்புவது ஒன்றிலும், கணினியிலிருந்து அனுப்புவது மற்றொன்றிலும் விழுகின்றன. எது அனுப்பியவற்றுக்கு உரியது, எது குப்பைக்கு உரியது என்று சர்வரே செயலிகளுக்கு அறிவிக்கும் முறை 2011-இல் வரையறுக்கப்பட்டுவிட்டது. அதை அமைப்பதற்குச் சில வரிகள் போதும். சிலருடைய கோப்புறைகள் சர்வரில் இருந்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் எவற்றைக் காட்ட வேண்டும் என்ற சந்தாப் பட்டியலை யாரும் கொண்டுவரவில்லை. நான் தமிழில் பெயரிட்டிருந்த கோப்புறைகள் உம்மைக் குறியில் (&) தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறிவிட்டன. பழைய ஐமேப் முறையில் ஆங்கிலமல்லாத பெயர்கள் ஒரு தனிக் குறியீட்டில் மாற்றி எழுதப்படுகின்றன. ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை மாற்றினால் இப்படித்தான் ஆகும். 'ஒப்பந்தங்கள்' எது, 'நிலுவை' எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தேன். அதற்கே ஒரு முற்பகல் போயிற்று.

கடவுச்சொல்லை மாற்றச் சொன்னதையும், பழைய கைபேசி வைத்திருந்தவர்களுக்கு இணைப்பே கிடைக்காமல் போனதையும் நான் பெரிதுபடுத்த மாட்டேன். இணைப்பை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் (TLS) முறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டவை. அவற்றை மூடியது சரியே. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் குறை. அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில், அதைச் சர்வரிலும் விட்டுவைத்துப் படித்துவந்த மூத்த சக ஊழியரின் நிலைதான் பாவம். ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் தரும் அடையாளம் மாறியதால், எல்லாமே புதியவை என்று கருதி அவருடைய கணினி முழுவதையும் மறுபடி இறக்கியது. ஒவ்வொரு கடிதமும் இப்போது அவரிடம் இரண்டிரண்டாக இருக்கிறது.

தேடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தமிழில் கடிதம் எழுதுகிறவர்களுக்கு விழுந்த பெரிய அடி அதுதான். பழைய சர்வர் மெதுவாகத்தான் தேடும். ஆனால் கொடுத்த எழுத்துகள் சொல்லின் எந்தப் பகுதியில் இருந்தாலும் கண்டுபிடிக்கும். ஐமேப் வரையறையும் அப்படித்தான் தேடச் சொல்கிறது. புதிய சர்வர் சொற்களை அட்டவணைப்படுத்தி வைத்துக்கொண்டு நொடியில் விடை தருகிறது. ஆனால் முழுச் சொல்லும் பொருந்தினால்தான் தருகிறது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு போதும். தமிழில் 'ஒப்பந்தம்' என்ற சொல் ஒப்பந்தத்தை, ஒப்பந்தத்தின், ஒப்பந்தத்துக்கு, ஒப்பந்தத்தில் என்று உருமாறிக்கொண்டே போகும். 'ஒப்பந்த' என்று தட்டினால் முன்பு எல்லாம் வந்தன, இப்போது எதுவும் வருவதில்லை. சென்ற வாரம் ஒரு தகராறில் என் பக்கத்து நியாயத்தைக் காட்டக்கூடிய கடிதம் இருப்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தும், அதை எடுத்துக்காட்ட முடியாமல் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். "தேடல் இப்போது வேகமாகிவிட்டது" என்று அறிவிப்பில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். கிடைக்கவில்லை என்ற விடை வேகமாக வந்தால் யாருக்கு என்ன பயன்?

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசியாகத் தெரியவந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து, வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு முகவரியாகக் கொடுத்திருந்தேன். எல்லாம் ஒரே பெட்டிக்கு வரும். யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தவுடன் பிரித்துவிடலாம். பழைய சர்வர் இதைப் பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டு வந்தது. இது எல்லா மென்பொருளிலும் தானாக இயங்கிவிடாது: போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் பெயரையும் சொல்லையும் பிரிக்கும் குறி எது என்று நிர்வாகி எழுதித் தர வேண்டும், கியூமெயில் என்ற இன்னொன்றில் அதற்கு இடைக்கோடு. எங்கள் புதிய சர்வரில் யாரும் எதையும் எழுதவில்லை. அதனால் அந்த முகவரிகளுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும், அப்படி ஒரு பயனரே இல்லை என்று சொல்லிச் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. திருப்பிய செய்தி அனுப்பியவருக்குப் போகும்; எனக்கு ஒரு தடயமும் வராது. பதினாறு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போதும் கணினிப் பிரிவினர் சொல்வது, அஞ்சல் எதுவும் தொலையவில்லை என்பதுதான். வந்து சேரவே இல்லாதது எப்படித் தொலையும் என்று வாதிடுகிறார்கள். கூட்டல் குறியைப் பிரிப்பானாக அமைத்துவிட்டோம், இனி வரும் என்கிறார்கள். அந்தப் பதினாறு நாளில் வந்து திரும்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நான் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. திருப்பி அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும், அனுப்பியவரின் முகவரியும் நேரமும் சர்வரின் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். அந்தக் கோப்புகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும்படி பொதுவாக அமைக்கப்பட்டிருக்கும். அவை அழிவதற்குள், என் பெயருக்கு வந்து திரும்பியவர்களின் பட்டியலை எடுத்துத் தாருங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் பதில் இல்லை.