பதிவின்மையும் கைவிடப்பட்டதும் ஒன்றல்ல
பதிவு காலாவதியான எந்த வாகனமும், சொந்த நிலத்தில் நின்றாலும், கைவிடப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று, கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றும் விதி பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவு என்பது பொதுச் சாலையில் ஓட்டுவதற்கான தகுதியைக் குறிப்பது. வண்டி மண்ணுக்கோ அண்டை வீட்டாருக்கோ கேடு செய்கிறதா என்பதை அது காட்டாது. என் தந்தை மறைந்த பிறகு, வாரிசு ஆவணங்கள் கைக்கு வரும்வரை அவருடைய கார் 8 மாதம் எங்கள் வளாகத்திலேயே உறையிட்டு நின்றது. பெயர் மாற்றாமல் விற்கவும் முடியாது, பழைய இரும்புக்குப் போடவும் முடியாது என்ற நிலையில், 15 நாளில் அகற்றுமாறு அதிகாரிகள் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும், எண்ணெய் கசிந்து, கழற்றிப் போட்ட டயர்களில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும் வண்டியை இத்தகைய விதி தொடுவதே இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வண்டியை மூடி வைத்தாலே போதும் என்கிறார். உறை பார்வையை மட்டுமே மறைக்கும், பேட்டரியின் ஈயமும் அமிலமும், குளிர்விப்பு நீரில் உள்ள நச்சான எத்திலீன் கிளைகாலும் கசிவதை அது தடுக்காது. எண்ணெய், எரிபொருள், பேட்டரி ஆகியவற்றை நீக்கிவிட்டதை உரிமையாளர் காட்டினால் கால நீட்டிப்பு தரலாம் என்பதே விதியில் முதலில் சேர்க்க வேண்டிய வரி.