ஓடுகிற மெஷினை எப்படித் தூக்கிப் போடுவது?

2017-இல் வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 7400 பிராசசர், பி250 மதர்போர்டு. செங்கோட்டையில் ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல் அடித்து அடித்துக் கேபினெட் திருகெல்லாம் துருப்பிடித்துவிட்டது. ஆனாலும் பட்டனை அமுக்கினால் உடனே உயிர் வந்துவிடும்.

சரி, பிராசசரை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால், எட்டாம் தலைமுறைக்கும் பிராசசர் உட்காருகிற அதே 1151 சாக்கெட்தான், ஆனால் இந்தப் போர்டில் ஓடாது! வயிறு எரிகிறது. போர்டையும் மாற்றினால், இப்போதைய புதுப் போர்டுகள் பெரும்பாலும் டிடிஆர்5 என்ற புது வகை ரேம் கேட்கும். அப்படியானால் என் 16 ஜிபி பழைய டிடிஆர்4 ரேம் வீண். அப்புறம் பவர் சப்ளை. விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு என் பிராசசர் ஆகாது.

"மொத்தமா புதுசு வாங்கிருங்க தம்பி" என்கிறார் கடைக்காரர். நேற்று ராத்திரி மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ஃபேன் இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. இதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.