கடற்கரையிலிருந்து திரும்பியதும் முதல் வேலை ஆபீஸ் மெயில் அல்ல

கடற்கரை விடுமுறை முடிந்து வீடு வந்து சேர்ந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். பைகளை ஒரு மூலையில் போட்டுவிட்டு, போனைச் சார்ஜில் செருகிவிட்டு, விட்டுப்போன மெசேஜ்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். பையைத் திறக்க மூன்று நாளாகும். வரிசையே தலைகீழ். மெசேஜ் காத்திருக்கும், உப்பு காத்திருக்காது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு துணியிலும் ஜிப்பிலும் தலைமுடியிலும் அப்படியே தங்கிவிடும். அதில் சமையல் உப்பு மட்டுமல்ல, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. இது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலில் நனைந்த துண்டை நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்தாலும் சாயங்காலம் தொட்டால் பிசுபிசுப்பது இதனால்தான். நல்ல தண்ணீரில் அலசாதவரை அது முழுசாகக் காயவே காயாது. பூஞ்சை பிடிப்பதும் வாடை வருவதும் ஜிப் இறுகிப்போவதும் அந்த ஈரத்தில்தான்.

அதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். விடுமுறை ஏழு நாள் என்றால் கடற்கரைக்கு ஆறு நாள்தான், ஏழாவது நாள் வீட்டுக்கு. ராத்திரி வந்து இறங்கி விடிந்ததும் வேலைக்கு ஓடுவதை லாபம் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்துவிட்டு, அடுத்த இரண்டு வாரமும் மணலைக் கூட்டிக்கொண்டும் நாற்றத்தைத் தேடிக்கொண்டும் இருப்பதில் என்ன லாபம்?

துணியிலிருந்து ஆரம்பிப்போம். ஈர மணல் துணியை விடாது, காய்ந்த மணல் உதறினாலே கொட்டிவிடும். எனவே ஈரத்துணியை வந்தவுடன் மெஷினில் போடாதீர்கள். வெளியிலோ பால்கனியிலோ விரித்துக் காயவிட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாக்கெட், மடிப்பு, இடுப்புப்பட்டி எல்லாவற்றையும் உதறுங்கள். அதன் பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கி அலசி, துணியை மேலாகத் தூக்கி எடுங்கள். அடியில் எவ்வளவு மணல் படிந்திருக்கிறது என்று பார்த்தால், இன்னொரு தடவை அலச வேண்டுமா என்று தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குளியலறைக் குழாயில் கொட்ட வேண்டாம், வளைவில் மணல் தங்கி அடைத்துக்கொள்ளும். மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடி மணலைக் குப்பையில் போடுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் செடிக்கும் ஊற்றக்கூடாது.

மணலோடு மெஷினில் போட்டால் முன்பக்கக் கதவு மெஷினில் முதலில் பாதிக்கப்படுவது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அதன் மடிப்பில் மணல் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றிலும் ரப்பரைத் தேய்க்கும். மிச்சம் கழிவுநீர் பம்ப்பின் ஃபில்டருக்குப் போகும். துவைத்து முடித்ததும் ரப்பர் மடிப்பை ஈரத்துணியால் துடைத்து, ஃபில்டரைத் திறந்து கழுவி, ஒருமுறை துணி இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓட்டிவிடுங்கள்.

நீச்சல் உடை தனி ரகம். அதன் இழுவைக்குக் காரணமான எலாஸ்டேன் இழைக்குச் சூடும் ப்ளீச்சும் ஆகாது. முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். ட்ரையர் கூடவே கூடாது.

வெள்ளைச் சட்டையின் கழுத்திலும் அக்குளிலும் துவைத்த பிறகு புதிதாக ஒரு மஞ்சள் ஆரஞ்சுக் கறை தெரியும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து ப்ளீச் ஊற்றுகிறவர்கள் அதை இன்னும் கெட்டியாக்கிவிடுகிறார்கள். பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள் தண்ணீரிலுள்ள இரும்போடு சேரும்போது துரு மாதிரியான இந்த நிறம் வருகிறது. துவைக்கும் முன்பே கறைபடும் இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துவிட வேண்டும். கறை ஏற்கெனவே விழுந்துவிட்டதா? துருக்கறைக்கான வழிதான் இதற்கும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ போட்டு ஊறவைத்து அலசுங்கள். சாயம் போகுமா என்று ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது போன். தண்ணீர் புகாது என்று எழுதியிருக்கும் போன்கள்கூட நல்ல தண்ணீரில்தான் சோதிக்கப்படுகின்றன, கடல்நீரில் அல்ல. சார்ஜ் ஓட்டையில் உப்பீரம் இருக்கும்போது ஒயரைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து உள்ளே இருக்கும் உலோக முனைகள் வேகமாக அரித்துப்போகும். ஊரிலிருந்து வந்ததும் சார்ஜில் போடுவதுதான் எல்லோர் வழக்கமும், ஆபத்தும் அங்கேதான். முதலில் ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சை நிறமோ தெரிந்தால் சார்ஜ் போடாமல், அணைத்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் உப்பு போகாது, தூசிதான் உள்ளே போகும்.

கேமரா லென்ஸையும் கூலிங் கிளாஸையும் காய்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பெரும்பாலான கடற்கரை மணல் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. ஒரே ஒரு துகள் துணிக்கடியில் மாட்டினாலும் நிரந்தரக் கீறல்தான். கூலிங் கிளாஸைக் குழாயடியில் பிடித்துக் கழுவுங்கள். லென்ஸை ரப்பர் ஊதியால் ஊதி, மென்மையான பிரஷால் தட்டிய பிறகே துடையுங்கள். பையின் ஜிப் இறுகியிருந்தால் இழுத்து மல்லுக்கட்டாமல் வெந்நீரில் நனைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் பல்லின் மேல் மெழுகுவத்தியை ஓட்டுங்கள்.

காரில் போயிருந்தால், மேலே பளபளப்பதை நம்பாமல் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் ஓரிரு நாளில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். துடைப்பதற்கு முன் மணல் முழுக்கக் கழுவிப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் கீறிவிடும். பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலைந்து பிரேக்கில் போய்விடும். பைக், சைக்கிள் செயினை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, அன்றைக்கே எண்ணெய் விட்டாக வேண்டும்.

உடம்புக்கு வருவோம். வெயில் சுட்ட சிவப்பு 12 முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். கடைசி நாள் கடலில் இருந்துவிட்டு வந்தவருக்கு வீட்டில்தான் எரிய ஆரம்பிக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள். ஐஸ் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, ஈரம் முழுதும் காயும் முன் தடவும் மாய்ஸ்சரைசர், நிறையத் தண்ணீர் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். காய்ச்சல், நடுக்கம், மயக்கம் வந்தாலோ பெரிய பரப்பில் கொப்புளம் போட்டாலோ டாக்டரிடம் போங்கள்.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து மடலை மெல்ல இழுத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சி காதுத்தோலைச் சிராய்த்து கிருமிக்கு வழிவிடும். மடலை இழுக்கும்போது வலித்தால் அது தொற்று, சொட்டு மருந்து தேவைப்படும். சிப்பியோ பாறையோ கிழித்த காயத்தைச் சுற்றிச் சிவப்பு மணிக்கணக்கில் பரவினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மருத்துவமனையில் முதல் வார்த்தையாகக் கடலில் இறங்கியதைச் சொல்லுங்கள். கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமிகளுக்கு உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிராபத்து. படகில் நெடுநேரம் இருந்தவர்களுக்குத் தரை ஆடுவதுபோல் இருக்கும். அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை அடித்தால் எலி செத்துவிட்டதோ என்று தேட வேண்டாம். கழிவுக்குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் அந்த வாடையைத் தடுத்துக்கொண்டிருந்தது, அது வற்றியிருக்கும். எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். குழாய்களையும் ஷவரையும் ஜன்னலைத் திறந்துவைத்து சில நிமிடம் ஓடவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும், ஷவர் சாரலோடு நுரையீரலுக்குள் போகும். வாளி, பூந்தொட்டித் தட்டு எதிலாவது தண்ணீர் நின்றிருந்தால் கவிழ்த்ததோடு விடாமல் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதாவது ஒரு விடுமுறை. வாடிய செடிக்கு மேலிருந்து ஊற்றினால் காய்ந்த மண் உறிஞ்சாது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் நிற்கவையுங்கள்.

பிள்ளைகள் பொறுக்கிவந்த சிப்பிகளைக் கவரோடு அலமாரியில் வைத்தால் இரண்டே நாளில் அறை நாறும், உள்ளே செத்த சதை ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, பிரஷ் போட்டு, காயவிடுங்கள். வினிகர் ஊற்றினால் ஓடே கரைந்துபோகும்.

இப்போது வேலை. விடுமுறையின் நல்ல விளைவு சீக்கிரம் மங்கிவிடுகிறது என்று யெசிகா தெ ப்ளூமும் சகாக்களும் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆசிரியர்களிடம் ஆய்வு செய்த யானா க்யூனலும் சபீன் சோன்னென்டாகும் 2011-இல் சொன்னதும் அதுவே. ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது, திரும்பியதும் வேலைச்சுமை அதிகமென்றால் இன்னும் வேகமாக. தினமும் வேலை முடிந்தபின் நன்றாக ஓய்வெடுத்தவர்களுக்கு அந்த நல்ல விளைவு கொஞ்சம் நீடித்தது. முதல் நாளிலேயே தலையில் எல்லாவற்றையும் கட்டும் மேலாளர்கள், விடுமுறை கொடுத்த பலனைத் தாங்களே பறிக்கிறார்கள் என்பேன்.

நம் கையில் இருப்பதைச் செய்யலாம். ஊரில் இல்லை என்று போகும் தானியங்கிப் பதிலைக் கூடுதலாக ஒரு நாள் ஓடவிடுங்கள். முதல் நாள் மதியம் வரை மீட்டிங் வேண்டாம். மெயிலைப் பழையதிலிருந்து படித்துக்கொண்டு வராதீர்கள், பாதி விஷயம் நீங்கள் இல்லாமலே முடிந்திருக்கும். ஒவ்வொரு தொடரிலும் கடைசி மெயிலை மட்டும் படித்து, இன்னும் உங்கள் பதிலுக்காக நிற்பவற்றைத் தனியே எடுத்துவையுங்கள்.